பதினெட்டு டிகிரி

கடைசி நடையில் யாரோ கைப்பேசியைப் பார்த்து
முந்நூற்றைத் தாண்டிவிட்டது என்றார்.
எது என்று ஒருவரும் கேட்கவில்லை.
நான்கு நாளாய்ப் புகைமூட்டம்;
ஊரே அந்த ஓர் எண்ணைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

பேருந்தில் ஒன்பது பேர்,
ஒன்பது பேரும் ஒன்பது சன்னலோரம்.
முகக்கவசத்துக்கு மேலே கண்கள்
கடன் வாங்கியவர்களைப் போல ஒதுங்கிப் போயின.
ஓட்டுநர் இருக்கையில் எனக்கு நாளெல்லாம் குளிர்.
முட்டி இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளவும் வழியில்லை,
ஒரு கால் எப்போதும் பிரேக்குக்கு.

உட்லண்ட்ஸில் எங்கள் புளோக்
ஏழாம் மாடியோடு முடிந்துபோயிருந்தது.
மீதியைப் புகை தின்றுவிட்டது.
பதினொன்றை அமுக்கிவிட்டு
இருக்குமா என்று யோசித்தபடி மேலே போனேன்.
இருந்தது.
வாசலில் ஒரு சோடிச் செருப்பு அதிகமாய்,
குதிகால் ஒருபக்கம் தேய்ந்து.

நான்கறை வீடு, குளிரூட்டி ஒன்றுதான்.
அதன் ரிமோட் எந்த வருடமோ சோபாவின் வயிற்றுக்குள் போனது;
போகும்போது பதினெட்டில் வைத்துவிட்டுப் போனது.
அன்றிலிருந்து எங்களுக்கு
வேகவேண்டும், இல்லையென்றால் விறைக்கவேண்டும்.

கதவிடுக்கில் செருகிய ஈரத்துண்டைக் காலால் தள்ளித் திறந்தேன்.

தட்டாமல் நுழையாதே என்று
தன் அறைக் கதவில் ஒட்டி வைத்திருக்கும் மாதங்கி
இன்ஹேலரைக் கையில் பிடித்தபடி
தம்பியின் முதுகைத் தலையணையாக்கியிருந்தாள்.
ஜூன் மாதத்திலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.
தணிகாசலம் போர்வையின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு தூக்கம்,
யாராவது இழுத்துவிடுவார்களாம்.
அலமாரியில் சாய்ந்து, மடியில் என் பழைய சால்வையோடு,
பக்கத்து வீட்டு மிஸ்டர் கோ.

நடைவழியில் என் கறிவேப்பிலைத் தொட்டி இடைஞ்சல் என்று
நகர மன்றத்துக்கு மூன்று முறை எழுதிய அதே கோ.

அகிலன் கண்ணைத் திறக்காமல் கிசுகிசுத்தான்:
பத்து மணிக்கு வந்தாராம், கையில் கூண்டு.
பறவையை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்,
எனக்கு இந்தப் புகை பழக்கம்தான் என்றாராம், இருமிக்கொண்டே.
அப்பா ஒரு கையால் கூண்டை வாங்கி
மறு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தாராம்.
அவ்வளவுதான் நடந்தது.

எனக்கென்று விட்ட இடம் ஒரு முழம்.
சீருடையை மாற்றிக்கொண்டு
பக்கவாட்டில் செருகினேன் என்னை,
நெரிசல் நேரத்தில் கடைசியாக ஏறுகிறவளைப் போல.
என் கை என்று நினைத்து
அகிலனின் கையைச் சொறிந்தேன் கொஞ்சநேரம்.
அவன் இன்னும் கொஞ்சம் மேலே என்றான்.

கூண்டின் துணியை ஓரமாய்த் தூக்கிப் பார்த்தேன்.
மாத்தா புத்தே, கட்டைவிரல் அளவு,
கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம்.
இந்தச் சாதி இரவில் ஒரே கிளையில்
வரிசையாய் ஒட்டி ஒட்டி உட்காருமாம்.
இது தனியாய் வளர்ந்தது.
நடுக்கம்பை விட்டு இறங்கி
கோவின் தோள் கூண்டில் பட்டிருந்த அந்த இடத்தில்
மூங்கில் குச்சியோடு ஒண்டியிருந்தது,
பஞ்சாய் உப்பி.
ஒண்ட வந்த பிடாரி
விடிகாலையில் பாடி
எங்களையெல்லாம் விரட்டப்போகிறது, தெரியும்.

தூக்கத்தில் கோ ஏதோ சொன்னார், ஹொக்கியனில்,
யாரையோ கூப்பிடுவது போல இருந்தது.
அவருக்கு வீட்டில் கூப்பிட யாருமில்லை.
தணிகாசலம் பாதித் தூக்கத்தில்
ம் என்றார்.
அவர் மறுபடி சொன்னார்.
இவர் மறுபடி ம்.
அதற்குப் பிறகு இரண்டு பேரும் குறட்டை.

அந்த ஒன்பது பேரும் இந்நேரம்
எந்த மாடியில் இருப்பார்கள்?
நீலச் சட்டைப் பையன் கடைசி நிறுத்தத்திலும்
இறங்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்தான்.
நான் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டேன்.
தூங்குகிறான் என்று நினைத்தேன் அப்போது.

உன் கால் ஐஸ், என்றாள் மாதங்கி இருட்டில், கோபமாக.
இழுத்துக்கொள்ளப் போனேன்.
தன் கெண்டைக்கால் இரண்டுக்கும் நடுவே வைத்து
இறுக்கிக்கொண்டாள்,
இன்னும் கோபமாகவே.